பாஸ்வேர்டு போச்சு, இப்ப என்ன செய்ய? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் டீ குடிக்கப் போனால், யாராவது ஒருவர் என் முன்னால் போனை நீட்டிவிடுவார். "அண்ணே, ஃபேஸ்புக் உள்ளேயே விடமாட்டேங்குது." கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். டாக்டர் கல்யாண வீட்டுக்குப் போன கதைதான்.

போன மாதம் அப்படி ஒரு தம்பி வந்தார். மன்னார்குடிப் பக்கம். ஜூரோங்கில் தங்குவிடுதி, சிங்கப்பூர் வந்து ஏழு மாதம். புதுப் போன் வாங்கி ஃபேஸ்புக்கைப் போட்டிருக்கிறார், பாஸ்வேர்டு நினைவில் இல்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினால், 91-இல் தொடங்கும் ஓர் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அந்த சிம் எங்கே என்று கேட்டேன். ஊரில், அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் கிடக்கிறதாம். ரீசார்ஜ் செய்து ஐந்து மாதம் ஆகிறது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'அக்கவுண்ட் ரெகவரி' என்று தேடி, எங்கேயோ கமெண்டில் "இவர் எனக்கு அரை மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்தார்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்து, அந்த ஆளுக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கிறார். அவன் முதலில் 50 வெள்ளி கேட்டான், கொடுத்தார். 'அடையாளம் சரிபார்க்கணும்' என்று வேலை அனுமதி அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்பினார். மறுநாள் இன்னொரு 80 வெள்ளி கேட்டபோதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. 50 வெள்ளி போனதை விட்டுத்தள்ளலாம். அட்டையின் படம் போனதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வதில் பாதிக்கு மேல் இந்த இரண்டும்தான். சாவியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அப்புறம் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று வருகிற ஆளை நம்பிவிடுவார்கள். ஒரு கணக்கை மீட்க உண்மையான வழி எதுவுமே உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். தேடி வந்தது என்றால் அது தூண்டில். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பூட்டுவதற்கு முன்பே: சாவியை இந்த ஊருக்கு மாற்றுங்கள்

இன்னும் எதுவும் தொலையவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இங்கே சிம் வாங்கிய அன்றே, இல்லாவிட்டால் இன்றைக்கே, அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஜிமெயில். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பை அங்கேதான் அனுப்பும். ஜிமெயில் கையில் இருந்தால் மற்றதெல்லாம் திரும்பி வரும். ஜிமெயில் போனால் எல்லாம் கூடவே போகும். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'ரெகவரி போன்', 'ரெகவரி ஈமெயில்' என்ற இரண்டையும் பாருங்கள். ஊர் எண் இருந்தால் சிங்கப்பூர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ரெகவரி ஈமெயிலாக நீங்கள் முழுசாக நம்புகிற ஒருவரின் முகவரியைக் கொடுக்கலாம், அண்ணன், மனைவி என்று. ஏஜெண்ட் ஆபீஸில் உட்கார்ந்து உங்களுக்கு ஜிமெயில் திறந்து கொடுத்தார்களே, அந்தக் கணக்காக இருந்தால் கட்டாயம் பாருங்கள். பலருக்கும் ரெகவரி எண் ஏஜெண்டின் எண்ணாகவே இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும்; உங்கள் வீட்டுச் சாவி அவர் பையில் எதற்கு?

இரண்டாவது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். இரண்டுக்கும் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே உங்கள் எண், மின்னஞ்சல் இரண்டும் நடப்பில் உள்ளவையா என்று பார்த்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' வசதி இருக்கிறது. ஊர் எண்ணிலேயே வாட்ஸ்அப் வைத்துக்கொள்ள விரும்பினால் தவறில்லை, வீட்டில் எல்லோரும் அந்த எண்ணைத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். சில மாதம் சும்மா கிடந்தால் நிறுவனம் எண்ணைத் திரும்ப எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் குறியீடெல்லாம் முகம் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும்.

இங்குள்ள ப்ரீபெய்டு சிம்முக்கும் இதே கதைதான். டாப்அப் செய்யாமல் விட்டால் காலாவதியாகிவிடும். வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் விமான நிலையம் போவதற்கு முந்தின வாரமே எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிடுவது நல்லது. சாங்கி வாசலில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது.

தொலைந்தபின்: எதையும் அழுத்துவதற்கு முன்னால்

பதற்றத்தில் 'மறந்துவிட்டது' பொத்தானைப் பத்துமுறை அழுத்தாதீர்கள். தொடர்ந்து தவறாக முயன்றால் பல செயலிகள் சிறிது நேரத்துக்கு உங்களையே வெளியே நிறுத்திவிடும்.

பாஸ்வேர்டு உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் குரோம் செட்டிங்ஸில் 'பாஸ்வேர்டு மேனேஜர்' இருக்கும். எப்போதோ 'சேவ் செய்யவா' என்று அது கேட்டு நீங்கள் சரி என்றிருந்தால், பாஸ்வேர்டு அங்கே உட்கார்ந்திருக்கும். திரைப் பூட்டைத் திறந்தால் காட்டும். ஐபோனில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தேடுங்கள். பழைய போன் எங்கே இருக்கிறது என்றும் யோசியுங்கள். அதில் இன்னும் கணக்கு திறந்தே இருக்கலாம்.

அடுத்தது பலருக்கும் தெரியாத சங்கதி. கூகுள் போன்ற நிறுவனங்கள் மீட்பின்போது நீங்கள் சொல்கிற பதிலை மட்டும் பார்ப்பதில்லை. எந்தச் சாதனம், எந்த இடம், எந்த பிரவுசர் என்றும் பார்க்கும். புது ஊர், புதுப் போன், தங்குவிடுதி வைஃபை எல்லாம் சேர்ந்தால், திருடன் எப்படித் தெரிவானோ அப்படித்தான் நீங்களும் தெரிவீர்கள். அதனால் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய போனிலோ கணினியிலோ முயன்றால் வாய்ப்பு அதிகம். அந்தப் பழைய போன் ஊரில் தங்கச்சியிடம் இருந்தால், நீங்களே அவருக்கு வீடியோ கால் போட்டு, அவர் கையால் அங்கிருந்தே செய்யச் சொல்லுங்கள்.

ஒவ்வொன்றாக மீட்கலாம்

ஜிமெயிலில் இருந்து தொடங்குங்கள். உள்நுழையும் பக்கத்தில் மின்னஞ்சலைக் கொடுத்து 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்துங்கள். நினைவில் உள்ள கடைசி பாஸ்வேர்டைக் கேட்டால், அரைகுறையாக நினைவிருப்பதையாவது கொடுங்கள். காலியாக விடுவதைவிட மேல். யாராவது உள்ளே புகுந்து உங்கள் ரெகவரி எண்ணை மாற்றியிருந்தாலும் 7 நாள் வரை பழைய எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்து மீட்க கூகுள் இடம் கொடுக்கிறது. ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். உள்ளே போனதும் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் பாருங்கள். புகுந்தவன் உங்கள் மின்னஞ்சல் எல்லாம் அவனுக்கும் ஒரு பிரதி போகும்படி வைத்துவிட்டுப் போயிருக்கக்கூடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் இது தானாக நிற்காது.

ஃபேஸ்புக்கில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, அவ்வளவுதான் என்றால், உள்நுழையும் பக்கத்தில் உள்ள 'ஃபர்காட்டன் பாஸ்வேர்டு' போதும். கணக்கை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று சந்தேகம் இருந்தால், பிரவுசரில் ஃபேஸ்புக் டாட் காம் என்று நீங்களே தட்டச்சு செய்து, ஒரு சாய்கோடு போட்டு, 'ஹேக்ட்' (hacked) என்ற ஆங்கிலச் சொல்லைச் சேருங்கள். அதற்கென்றே உள்ள பக்கம் அது. இன்ஸ்டாகிராமுக்கும் அப்படியே, இன்ஸ்டாகிராம் டாட் காம், சாய்கோடு, ஹேக்ட். உங்கள் முகம் தெரியும் படங்கள் கணக்கில் இருந்தால் இன்ஸ்டாகிராம் ஒரு வீடியோ செல்ஃபி கேட்கலாம், தலையை இப்படி அப்படித் திருப்பிக் காட்டச் சொல்லும். யாரோ உங்கள் மின்னஞ்சலை மாற்றியிருந்தால், பழைய முகவரிக்கு 'இதை நீங்கள் செய்யவில்லையா' என்று ஒரு கடிதம் வந்திருக்கும். அதில் உள்ள இணைப்பை வைத்து மாற்றத்தைத் திரும்பப் பெறலாம். அது உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் சாதாரணப் பயனீட்டாளர் கூப்பிட்டுப் பேசி பாஸ்வேர்டு மீட்க ஒரு தொலைபேசி எண் கிடையாது. 'ஃபேஸ்புக் கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்ணுக்கு அழைத்தால் எதிர்முனையில் இருப்பவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: இந்தக் கணக்குகளை மீட்க சிங்பாஸ், அதாவது இங்கே அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய வைத்திருக்கும் மின்னிலக்க அடையாளம், எந்த நிலையிலும் தேவையில்லை. யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வாட்ஸ்அப் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் பாஸ்வேர்டே இல்லை, உங்கள் எண்தான் கணக்கு. எஸ்எம்எஸ்ஸில் வருகிற 6 இலக்கக் குறியீட்டை யார் எந்தப் போனில் தட்டுகிறாரோ அந்தப் போனுக்குக் கணக்கு போய்விடும். இந்த மோசடி எப்படி நடக்கும் என்று என் போனில் வந்ததையே சொல்கிறேன். இரவு பத்தரை மணி. என் சித்தப்பாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி: "தம்பி, தப்பா உன் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன், கொஞ்சம் பார்த்து அனுப்பு." அடுத்த நொடி எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கம் வந்து விழுந்தது. விரல் அதைக் காப்பி செய்யப் போய்விட்டது. நிறுத்தியது ஒரே விஷயம்தான்: சித்தப்பா என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை, 'டேய்' என்பார், இல்லாவிட்டால் வீட்டுப் பெயர். அழைத்துப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், சாயங்காலத்தில் இருந்து வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்றார். அவர் கணக்கைப் பிடித்தவன், அதற்குள் இருந்துகொண்டு அடுத்த ஆளாக என்னைப் பிடிக்கப் பார்த்திருக்கிறான்.

அப்படிப் போன வாட்ஸ்அப்பை மீட்பது அவ்வளவு கஷ்டமில்லை. சிம் உங்களிடம் இருக்கிறதே. செயலியை மறுபடி நிறுவி உங்கள் எண்ணைக் கொடுத்து, வருகிற குறியீட்டைப் போட்டால் திருடன் அந்தக் கணத்திலேயே வெளியே போய்விடுவான். உங்களுக்குத் தெரியாத ஒரு பின் எண்ணைக் கேட்டால், அவன் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது முதல் பூட்டுக்கு மேல் இரண்டாவது பூட்டைப் போட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்போது 7 நாள் காத்திருந்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். நீங்கள் எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டதுமே அவன் வெளியேற்றப்பட்டுவிட்டதால், அந்த ஏழு நாளும் அவனால் உங்கள் பெயரில் எழுத முடியாது. ஆனால் அதற்குள் அவன் யாரிடம் காசு கேட்டிருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாது. உடனே வேறு வழியில் குடும்பத்துக்கும் குழுக்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

சரி, அப்புறம் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தையும் பாருங்கள். 2023 நவம்பரில் சிங்கப்பூர்க் காவல்துறை எச்சரித்த ஒரு மோசடி இதை வைத்துத்தான் நடந்தது. கணினியில் 'வாட்ஸ்அப் வெப்' என்று தேடும்போது மேலே போலிப் பக்கங்கள் வரும். அச்சு அசலாக அதே பச்சை, அதே க்யூஆர் கட்டம். நீங்கள் போனைக் காட்டி ஸ்கேன் செய்ததும் உங்கள் வாட்ஸ்அப் அவன் கணினியிலும் திறந்துகொள்ளும். உங்கள் போனில் எல்லாம் வழக்கம்போல வேலை செய்வதால் நாள்கணக்கில் தெரியாமலே இருக்கும். லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத எதையும் வெளியேற்றுங்கள். மாதம் ஒருமுறை, வீட்டுக்குப் பணம் அனுப்பும் நாளில் இதையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டெலிகிராமுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 'டிவைசஸ்' பக்கம் பாருங்கள், இருபடிச் சரிபார்ப்புப் பாஸ்வேர்டு போடுங்கள்.

தூண்டிலைப் பார்த்தே தெரிந்துகொள்வது

ஃபிஷிங் என்று சொல்கிற இந்தத் தூண்டில் மோசடிக்கு எழுத்துப் பிழையைத் தேடுங்கள் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். இப்போது அதை நம்பாதீர்கள். நல்ல தமிழிலேயே எழுதி அனுப்புகிறார்கள். பார்க்க வேண்டியது முகவரியை.

இணைய முகவரியைப் படிக்கத் தமிழ் தெரிந்தவனுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நம் மொழியில் கடைசிச் சொல்தான் ஆள். 'முஸ்தபாவுக்குப் பக்கத்துக் கடை' என்றால் அது முஸ்தபா இல்லை, பக்கத்துக் கடை. இணைய முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் படித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 'ஃபேஸ்புக் டாட் காம் டாட் அக்கவுண்ட்-செக் டாட் இன்ஃபோ' என்று இருந்தால் வீட்டுக்காரர் ஃபேஸ்புக் இல்லை, 'அக்கவுண்ட்-செக் டாட் இன்ஃபோ'. முன்னால் இருக்கிற ஃபேஸ்புக் வெறும் அலங்காரம், வாசலில் தொங்கவிட்ட மாவிலைத் தோரணம் மாதிரி. போனில் முகவரிப் பட்டை சிறியது, முன்பாதி மட்டும் தெரியும். விரலால் இழுத்துக் கடைசி வரை பாருங்கள்.

ஃபேஸ்புக்கிலிருந்து வந்ததாகச் சொல்லும் மின்னஞ்சல் உண்மையா என்று பார்க்க இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்த மின்னஞ்சலைத் தொடாமல், செயலியைத் திறந்து, அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி' போய், 'ரீசென்ட் ஈமெயில்ஸ்' பாருங்கள். அவர்கள் அண்மையில் உங்களுக்கு அனுப்பியதெல்லாம் அங்கே இருக்கும். இல்லையென்றால் அது போலி. உள்ளேயே போக முடியாத நிலையில் இருந்தால், அனுப்பியவர் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் 'ஃபேஸ்புக்மெயில் டாட் காம்' இருக்கிறதா என்றாவது பாருங்கள். இன்ஸ்டாகிராமுக்கு அது 'மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம்'. அப்போதும் அந்த இணைப்பு எங்கே கொண்டுபோகிறது என்பதை மேலே சொன்ன மாதிரி பின்னோக்கிப் படித்த பிறகே எதையும் தட்டச்சு செய்யுங்கள்.

சிங்கப்பூரில் இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஊரில் இவை இல்லை என்பதால் புதிதாக வந்தவர்களுக்குத் தெரிவதில்லை.

2021 டிசம்பரில் இங்கே ஒரு வங்கியின் பெயரில் போலி எஸ்எம்எஸ் அலையாக வந்தது. உண்மையான வங்கிச் செய்திகள் வருகிற அதே வரிசையிலேயே போலியும் வந்து உட்கார்ந்ததால், கிட்டத்தட்ட 790 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். அதற்குப் பிறகு, 2022 ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் அழுத்தக்கூடிய இணைப்பு வைப்பதை நீக்க வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே வங்கிப் பெயரில் இணைப்போடு ஓர் எஸ்எம்எஸ் வந்தால் யோசிக்கவே வேண்டாம். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ் 'லைக்லி ஸ்காம்' (மோசடியாக இருக்கலாம்) என்ற தலைப்பில் வந்து விழுகிறது. 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகள் 'கவ் டாட் எஸ்ஜி' (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. மனிதவள அமைச்சிலிருந்து என்று சொல்லி எட்டு இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால், வேலை போய்விடுமோ என்று பயந்து தொட்டுவிடாதீர்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் அனுப்பியிருக்கிறான்.

தொலைபேசி அழைப்பில் முன்னால் கூட்டல் குறி தெரிந்தால் அது வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்ளூர் அழைப்புக்குக் கூட்டல் குறி வராது. 'கூட்டல் 65' என்று வந்து, "சிங்கப்பூர்க் காவல்துறையிலிருந்து பேசுகிறோம்" என்றால் அந்தக் கூட்டல் குறியே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அரசாங்க அதிகாரி யாரும் போனில் பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார், வங்கி விவரம் கேட்க மாட்டார், அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றிவிடவும் மாட்டார்.

சமூக ஊடகத்துக்குள்ளேயே வருபவை தனி ரகம். "இந்த வீடியோவில் இருப்பது நீயா?" என்று நண்பர் பெயரில் வரும். "என் அக்கா பொண்ணு டான்ஸ் போட்டிக்கு ஓட்டுப் போடு" என்று வரும். ஓட்டுப் போட உங்கள் எண்ணையும் குறியீட்டையும் கேட்கும். ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறவர்களுக்கு, பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும் என்று மிரட்டல் வரும். கடைசியாக ஒன்று, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவதற்கான கட்டளை அது. அப்புறம் வாட்ஸ்அப் குறியீட்டைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், உங்கள் போன் மணியே அடிக்காது.

சலுகை விலையில் சாப்பாடு, வீடு சுத்தம் செய்வது என்று விளம்பரம் போட்டு, செயலியை பிளே ஸ்டோருக்கு வெளியே, ஏபிகே கோப்பாக அனுப்பினால் நிறுவாதீர்கள். அப்படி நிறுவியதில் திரையில் நீங்கள் தட்டுவதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

தூண்டிலைக் கடித்துவிட்டால்

பாஸ்வேர்டைப் போலிப் பக்கத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது குறைந்தது 110 கோடி வெள்ளி. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, வேறு எதுவும் அப்புறம். இங்குள்ள பெரிய வங்கிகளில் 'கில் சுவிட்ச்' என்ற வசதி இருக்கிறது, கணக்கு முழுவதையும் நீங்களே உடனே முடக்கிவிடலாம். வங்கியின் எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் பாருங்கள், இணையத்தில் தேடாதீர்கள். ஏபிகே நிறுவியிருந்தால் அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வேறொருவர் போனிலிருந்து பேசுங்கள்.

பிறகு, பாதிக்கப்படாத ஒரு போனிலிருந்து ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதன்பின் மற்றதை. ஒவ்வொன்றிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுவதற்கான பொத்தானை அழுத்துங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், பூட்டை மாற்றிவிட்டுத் திருடனை உள்ளேயே வைத்த கதையாகிவிடும்.

மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் 1799. ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு. அதே பெயரில் செயலியும் இருக்கிறது. சந்தேகமான எண்ணையோ இணைப்பையோ அதில் கொடுத்துக் கேட்கலாம். பணமோ அட்டைப் படமோ போயிருந்தால் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், இணையத்திலும் கொடுக்கலாம். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பணம் பறிபோனவுடன் 'போன பணத்தை மீட்டுத் தருகிறேன்' என்று இன்னொருவன் வருவான். பெரும்பாலும் அதே கூட்டம்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. "உன் சிங்பாஸைக் கொடு, உன் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடு, 200 வெள்ளி தருகிறேன்" என்று தங்குவிடுதிப் பக்கம் பேசுகிறவர்கள் உண்டு. மோசடிக்காரர்களுக்குக் கணக்கும் சிம்மும் இப்படித்தான் கிடைக்கின்றன. சிங்பாஸைக் கொடுப்பது 2024 பிப்ரவரி முதலும், உங்கள் பெயரில் எடுத்த சிம்மை வெளியாளுக்குக் காசுக்குக் கொடுப்பது 2025 ஜனவரி முதலும் இங்கே குற்றம். 200 வெள்ளிக்கு வேலையும் போய் வழக்கும் வரும்.

பாஸ்வேர்டு எப்படி இருக்கலாம்

நீளம்தான் முக்கியம். சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிடுங்கள். முறுக்கு, குடை, லாரி, வெள்ளி, பல்லி. மனதில் ஒரு படம் வந்துவிடும், மறக்காது. எல்லோருக்கும் தெரிந்த குறளோ பாட்டு வரியோ வேண்டாம். அடையாள அட்டை எண், ஃபின் எண் (வெளிநாட்டவருக்கு இங்கே கொடுக்கும் அடையாள எண்), பிறந்த தேதி எதுவும் வேண்டாம். ஃபின் எண் கம்பெனியில் இருந்து தங்குவிடுதி வரை எல்லோரிடமும் இருக்கிறது. ஜிமெயில் பாஸ்வேர்டை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள். மற்றவற்றை போனின் பாஸ்வேர்டு மேனேஜரிலேயே சேமித்துக்கொள்ளலாம், திரைப் பூட்டு மட்டும் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்கக் கூடாது.

ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் நான்கிலும் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அது ஒரு 6 இலக்கப் பின். கூடவே மின்னஞ்சலையும் கொடுத்துவிடுங்கள், பின் மறந்தால் அதுதான் உதவும். கூகுள் 10 பேக்அப் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வேலை செய்யும். அதைத் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால், போன் தொலைகிற அன்றைக்கு அதுவும் தொலையும்.

இதையெல்லாம் தனியே செய்யத் தயக்கமாக இருக்கும் மூத்தவர்கள், உதாரணமாகப் பிள்ளைகளோடு இருக்க வந்த அப்பா அம்மா, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் முகப்புகளுக்குப் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தத் தம்பியின் கதையை முடிக்கவில்லையே. மறுநாளே அட்டைப் படம் போனதைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார், கம்பெனியிலும் சொல்லிவிட்டார். ஃபேஸ்புக் கிடைத்தது என்னைப் பார்க்க வந்த அன்று சாயங்காலமே. பழைய போன் ஊரில் தங்கச்சியிடம் இருந்தது. வீடியோ கால் போட்டோம். அந்தப் பெண் குரோமைத் திறந்து, பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போய், கண் சின்னத்தை அழுத்தினாள். இரண்டு நொடி பேச்சே இல்லை. அப்புறம் ஒரே சிரிப்பு. "அண்ணா, இது யாரு பேரு?" என்றாள். தம்பி போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது, கணக்கு திறந்திருந்தது. புதுப் பாஸ்வேர்டை அங்கேயே உட்கார்ந்து போட்டார். இந்தமுறை என்னிடமும் காட்டவில்லை.